நேராக ஒட்டிய லேபிள்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி கடையில் எல்லோருக்கும் அவள் ‘லேபிள்’. “லேபிள் எங்க?”, “லேபிள் சாப்பிடப் போயிருக்கு”, “அதை லேபிள்கிட்ட குடு” என்று பதினோரு வருடமாகக் கேட்டுக் கேட்டு, யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு நொடி ஆகும். ஐம்பது வயது. கல்யாணமாகி மூன்றாம் வருடமே புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். போனவன் கதவைக்கூடச் சாத்திவிட்டுப் போகவில்லை என்பதில்தான் அவளுக்கு இன்றைக்கும் ஆத்திரம். பிள்ளைகுட்டி இல்லை. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு தங்கை, தங்கையின் ஆறு வயது மகள், அவ்வளவுதான்.

அவள் வேலை செய்த சூப்பர் மார்க்கெட்டைப் பற்றி அந்தப் பக்கத்து ஜனங்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். இரண்டுமே உண்மை. செவ்வாய்க்கிழமை வாங்கிய தக்காளி கல் மாதிரி இருக்கும். வியாழக்கிழமை அதே கூடையில் கை வைத்தால் விரல் உள்ளே போகும். ரொட்டி ஒரு நாள் பஞ்சு, மறுநாள் செங்கல். முதல் பில் கவுண்டரில் இருப்பவள் குழந்தைகளைக் கொஞ்சுவாள், வயசானவர்களின் பையை வாசல் வரைக்கும் தூக்கி வந்து கொடுப்பாள். இரண்டாவது கவுண்டரில் இருப்பவள் பொருளை எடுத்து வீசுகிற வீச்சில் முட்டை பிழைத்தால் அது முட்டையின் சாமர்த்தியம். ஆனால் வேறு பெரிய கடைக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். அதனால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, மறுநாள் அதே ஜனம் அதே தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

கடைக்குப் பின்னால், பிளாஸ்டிக் பட்டைகள் தொங்குகிற வாசலைத் தாண்டினால், லேபிளின் அறை. ஒரு நீளமான தகர மேஜை, எடை போட்டு லேபிள் அச்சடிக்கிற மெஷின், ட்ரேயைச் சுற்றுகிற மெல்லிய பிளாஸ்டிக் சுருள், ஒரு பாட்டில் தின்னர், பஞ்சு. இதெல்லாம் தவிர ஒரு ஹேர் டிரையர். முடி காயவைக்க இல்லை. பழைய லேபிளைச் சூடுகாட்டினால் பசை இளகி, கிழியாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். டப்பாவில் அச்சடித்த தேதியைத் தின்னரில் நனைத்த பஞ்சால் இரண்டு தேய் தேய்த்தால் போதும். பிறகு புதுத் தேதி போட்ட லேபிளை ஒட்டி முன்னால் அனுப்பவேண்டியதுதான்.

“தேதிங்கறது கம்பெனிக்காரன் பயந்துபோய் போடறதும்மா. அதுக்கப்புறம் பத்து நாள் தாராளமா தாங்கும்” என்பது மேனேஜரின் வேதாந்தம். அந்த வேதாந்தத்தை மூன்றாம் பேருக்குத் தெரியாமல் நடைமுறைப்படுத்துவதுதான் லேபிளின் உத்தியோகம். மேனேஜர் தன் வீட்டுக்கு மட்டும் அப்படித் தேதி மாற்றிய சரக்கில் எதையும் எடுத்துப்போக மாட்டார் என்பதையும் அவள் கவனித்திருந்தாள்.

இதில் அவளுக்கு மனசாட்சி உறுத்தவில்லையா என்று கேட்டால், முதல் ஏழு வருடம் உறுத்தவே இல்லை. தின்கிறவர்களுடைய முகம் அவளுக்குத் தெரியாது. மேஜைக்கு வருவது டப்பா, மேஜையை விட்டுப் போவது டப்பா. உறுத்த ஆரம்பித்தது தங்கை மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து, ஏறி இறங்காத ஆஸ்பத்திரியெல்லாம் ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. கடையில் வாங்கிய பால் மாவைக் கரைத்துக் கொடுத்தார்கள். அன்றைக்கே வாந்தியும் பேதியும். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது குழந்தை. நாலாம் நாள் டாக்டரே கையை விரித்துவிட்டார். எப்படியோ பிழைத்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு லேபிள் கடையின் ரகசியத்தைச் சொன்னாள். அந்தப் பால் மாவு டின்னில் புதுத் தேதியை ஒட்டியது தன் கைதான் என்பதைச் சொல்லவில்லை. தங்கையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று அவளுக்குப் பயமாக இருந்திருக்கலாம்.

“இனிமே நீ பயப்படாதடி. நான் ஒரு அடையாளம் வெக்கறேன்” என்றாள் லேபிள்.

அடையாளம் இதுதான். நல்ல சரக்கு என்றால் லேபிளை நேராக ஒட்டுவாள். தேதி மாற்றியது என்றால் வலது முனையை ஓர் அரிசி அகலம் மேலே தூக்கி, கோணலாக ஒட்டுவாள். தெரிந்தவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். தெரியாதவர் பார்த்தால் யாரோ அக்கறையில்லாமல் வேலை செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் கடையில் அக்கறையில்லாத வேலைக்கா பஞ்சம்? மேனேஜர்கூட இரண்டு தடவை “என்ன கை உனக்கு, ஒரு ஸ்டிக்கர நேரா ஒட்டத் தெரியல” என்று திட்டினார். லேபிள் தலையைக் குனிந்துகொண்டு, பத்து நேராக ஒட்டிக் காட்டினாள். அந்தப் பத்தும் நல்ல சரக்கு.

நாலு வருடம் இப்படி ஓடியது. தங்கை கூடையை எடுத்துக்கொண்டு வருவாள், பொருளைத் திருப்பிப் பார்ப்பாள், நேரானதை எடுத்துக்கொண்டு போவாள். தங்கை வீட்டில் அதற்கப்புறம் ஒரு வாய் வாந்தி கிடையாது. லேபிள் குடியிருந்த வீட்டு மாடியில் ஒரு தையல்காரி இருந்தாள். அவள் வாரந்தவறாமல் கோணல் ஒட்டிய சாசேஜைத் தேடித் தேடி எடுத்தது போல எடுத்துப்போவாள். லேபிள் பட்டைத் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லோருக்கும் சொன்னால் அது ரகசியமும் இல்லை, தனக்கு வேலையும் இல்லை என்பது அவள் நியாயம். நியாயம் என்று வந்துவிட்டால் மனுஷ ஜாதிக்குக் கிடைக்காமலா போகும்?

சண்டை வந்தது ஒரு சீஸ் பாக்கெட்டால்.

தங்கை புது ஃப்ளாட்டுக்குக் குடிபோயிருந்தாள். எதிர் ஃப்ளாட்டில் ஒரு வங்கி அதிகாரி அம்மாள். இருவரும் காலையில் சேர்ந்து நடக்கப் போவார்கள், சாயங்காலம் சேர்ந்து கடைக்கு வருவார்கள். தங்கைக்கு அந்த மேடத்தின் சிநேகத்தில் தலைகால் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சீஸ் வாங்கினார்கள். தங்கை வழக்கம்போல் நேர் லேபிளைத் தேடி எடுத்தாள். மேடம் கைக்கு வந்ததை எடுத்தாள், வந்தது கோணல். தங்கை அதைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மேடம் அந்த சீஸைத் தூக்கிக்கொண்டு வந்து மேனேஜர் மேஜையில் போட்டாள். பச்சைப் பச்சையாய்ப் பூசணம். தங்கையும் கூடவே நின்றாள்.

“யார் ஒட்டினது இது? லேபிள்! இங்க வா!” என்று கத்தினார் மேனேஜர், தேதியை மாற்றச் சொன்னதே தான் என்பது சொப்பனத்தில் நடந்தது போல.

தலையில் வலையும் மேலே நீல ஏப்ரனுமாய் லேபிள் வந்து நின்றாள். பில் கவுண்டர் வரிசையே திரும்பிப் பார்த்தது.

“இவங்களுக்குப் படிக்கத் தெரியுமா தெரியாதா?” என்று மேடம் மேனேஜரிடம் கேட்டாள், லேபிளிடம் இல்லை.

“மேடம்கிட்ட மன்னிப்புக் கேளு” என்றார் மேனேஜர்.

லேபிள் தங்கையைப் பார்த்தாள். அவளிடமிருந்து பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. ‘விடுங்க மேடம்’ என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். தங்கை பற்பசை அடுக்கியிருந்த ஷெல்ஃபைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள்.

“இந்த மாதிரி ஆளுங்கள வேலைக்கு வெச்சா இப்படித்தான் மேடம்” என்றாள்.

லேபிள் மன்னிப்புக் கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள், முதல் தடவை மேடத்தின் காதில் விழவில்லை என்பதால். உள்ளே போய் தகர மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவளுக்கு அழுகை வரவில்லை. கூடப் பிறந்தவள். தன் எட்டு வயதில் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த பிள்ளை. பற்பசையைப் பார்க்கிறாள், பற்பசையை! அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். ‘ரெண்டு நாள் வயித்தப் புடிச்சிக்கிட்டுக் கிடக்கட்டும். அப்பத் தெரியும், எந்த மாதிரி ஆளுன்னு.’

நேரம் தானாகவே வந்து மாட்டியது. வியாழக்கிழமை பெரிய ஃப்ரீசர் நின்றுபோனது. மெக்கானிக் வந்தது வெள்ளிக்கிழமை மத்தியானம். கொளுத்துகிற வெயில் காலம். உள்ளே இருந்த கோழியெல்லாம் உருகி, தரையில் வெளிர்ச் சிவப்பாய்த் தண்ணீர் ஓடியது. வாடை மூக்கைத் துளைத்தது. மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தார்.

“வினிகர் ஊத்திக் கழுவு. புது ட்ரேல வெச்சுச் சுத்தி மறுபடி உறையப் போடு. நாளைக்கு சனிக்கிழமை, ஒண்ணு மிஞ்சாது.”

அன்று சாயங்காலமே புதுக் கோழியும் வந்து இறங்கியது. மேஜையின் இந்தப் பக்கம் பழசு, அந்தப் பக்கம் புதுசு. லேபிள் மெஷினைத் தட்டினாள். எல்லாவற்றையும் நேராக ஒட்டியிருக்கலாம். ஆனால் அப்போது தங்கை கைக்கு நல்லதும் போகக்கூடும். அதிர்ஷ்டத்தின் கையில் விட்டுவிட அவள் தயாராக இல்லை. நாலு வருடத்தில் முதல் தடவையாக, புதுக் கோழிக்கெல்லாம் கோணலாக ஒட்டினாள். கெட்டுப்போனதற்கெல்லாம் நேராக, விளிம்போடு விளிம்பு சேர்த்து, அடிக்கோல் வைத்தது மாதிரி ஒட்டினாள்.

குழந்தையின் நினைவு வராமல் இல்லை. வந்தது. ஆனால் அவள் கோழி சாப்பிட மாட்டாள். வாயில் வைத்தாலே துப்பிவிடுவாள். முட்டையும் ரொட்டியும்தான் அவளுக்கு உலகம். பெரியம்மாவான தனக்குத் தெரியாதா? தின்னப்போவது தங்கையும் அவள் புருஷனும். பெரிய உடம்புகள், தாங்கும். இப்படிச் சொல்லிக்கொண்டு கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை தங்கை வந்தாள், தனியாக. பட்டைத் திரையின் இடுக்கு வழியாக லேபிள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தங்கை ஒவ்வொரு ட்ரேயாக எடுத்தாள், கோணல் என்றால் கீழே வைத்தாள். நடுநடுவே தலையைத் தூக்கிப் பின்வாசல் பக்கம் பார்த்தாள், யாரையோ தேடுகிற மாதிரி. கடைசியில் நேர் லேபிள் ஒட்டிய இரண்டு பெரிய ட்ரேயைக் கூடையில் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நேரம் அங்கேயே நின்றாள். கூப்பிடுகிற தூரம்தான். லேபிள் கூப்பிடவில்லை. அன்றைக்கு முழுவதும் அவளுக்கு ஒரு சுறுசுறுப்பு. மத்தியானம் ஒரு வாய் கூடவே சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. உச்சி வெயிலில், துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. திறந்தால் தங்கை. ஒரு கையில் மூடி போட்ட பெரிய பாத்திரம், துணியில் கட்டியிருந்தது. இன்னொரு கையில் மகள்.

“உள்ள வரலாமாக்கா?” என்றாள் தங்கை. கண் சிவந்திருந்தது.

லேபிள் வழி விட்டாள். தங்கை தரையில் உட்கார்ந்து, பாத்திரத்தை நடுவில் வைத்துவிட்டு அக்காவின் காலைத் தொட்டாள்.

“அன்னிக்கு அவங்க முன்னாடி என் அக்கான்னு சொல்ல வாய் வரலக்கா. பெருமை கண்ணை மறைச்சிடுச்சு. என் புத்தியச் செருப்பால அடிக்கணும். அஞ்சு நாளா தூக்கமே இல்ல. நேத்து கடையிலயே உன்னைப் பாத்துப் பேசிடலாம்னுதான் வந்தேன். நீ வெளிய வரவேயில்ல.”

“சரி விடு” என்றாள் லேபிள். அவள் கண் பாத்திரத்தின் மேல் இருந்தது. “என்ன அது?”

“கோழி. உன் கைப்பக்குவம் வராது, ஆனா ஒரு சேதி இருக்கு. இவ இப்ப கோழி சாப்பிடறாக்கா! ஒரு மாசமா. உன்கிட்ட சொல்லணும் சொல்லணும்னு குதிச்சிக்கிட்டு இருந்தா. வீட்டுல ஒரு துண்டுகூட வாயில வெக்கல, பெரியம்மாகூடத்தான் சாப்பிடுவேன்னு ஒரே அடம்.”

குழந்தை பாதி விழுந்த முன்பல்லைக் காட்டிச் சிரித்தது. “கால் துண்டு எனக்கு. இன்னொரு கால் உனக்கு பெரியம்மா.”

லேபிளின் முகத்தில் ஈயாடவில்லை. தங்கை அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாள். அவளாகவே எழுந்து அலமாரியிலிருந்து தட்டை எடுத்து வந்தாள், பாத்திரத்தைத் திறந்தாள். நல்ல வாசனை. அதுதான் கொடுமை, கெட்டதென்று மூக்குக்கூடச் சொல்லவில்லை.

“எனக்கு வயிறு சரியில்லடி. வேணாம்.”

“ஒரு வாய்க்கா. நீ சாப்பிட்டாத்தான் மன்னிச்சேன்னு அர்த்தம்.”

“அப்புறம் சாப்பிடறேன். வெச்சிட்டுப் போ.”

“நான் ஊட்டறேன்” என்று குழந்தை நகர்ந்து வந்தது. ஒரு துண்டைப் பிய்த்து லேபிளின் வாய்க்கு நேரே நீட்டியது. லேபிள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். “சரி, முதல்ல நான் ஒரு வாய், அப்புறம் நீ” என்று அந்தக் கையைத் தன் வாய்ப்பக்கம் திருப்பியது.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். லேபிளுக்கு அது தெரியும். ஆனால் சொன்னால் தங்கை போய்விடுவாள், குழந்தை போய்விடும், பிறகு உலகத்தில் தகர மேஜையைத் தவிர எதுவும் இல்லை. அவள் குழந்தையின் கையைத் தட்டிவிட்டாள். அதே வீச்சில் தட்டையும் பாத்திரத்தையும் புறங்கையால் தள்ளினாள். பாத்திரம் உருண்டு சுவரில் மோதியது. கோழித் துண்டுகள் தரையெல்லாம், மடித்து வைத்த துணியின் மேலெல்லாம் சிதறின.

“உன் சோத்துக்காக நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்னு நெனச்சியா? எடுத்துக்கிட்டுப் போடி வெளிய!”

குழந்தை வீல் என்று அழுதது. தங்கை துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாத்திரத்தில் போட்டாள், குழந்தையின் கையைத் துடைத்தாள், எழுந்தாள்.

“அழாத கண்ணு. வீட்டுல சட்டியில இன்னும் பாதி இருக்கு. அப்பா முடிக்கறதுக்குள்ள போயிடலாம். நீ வயிறு முட்ட சாப்பிடு” என்று சொல்லிக்கொண்டே மகளை நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

லேபிள் உடனே பின்னாலேயே ஓடினாள் என்று எழுதத்தான் ஆசை. ஓடவில்லை. உட்கார்ந்தாள். அழுத குழந்தை சாப்பிடாது, தூங்கிவிடும் என்று நினைத்தாள். கோழியை நன்றாக வேகவைத்தால் ஒன்றும் செய்யாது என்று நினைத்தாள். வினிகர் போட்டுத்தானே கழுவினேன் என்று நினைத்தாள். மேனேஜரின் வேதாந்தம்கூட ஒரு தடவை வந்து போனது. தரையில் ஒரு சின்னத் துண்டு மிஞ்சிக் கிடந்தது, குழந்தை கையிலிருந்து விழுந்தது. அதைப் பார்த்ததும் ஆஸ்பத்திரியின் நாலாம் நாள் ஞாபகம் வந்தது. கை விரிந்து, கண் செருகி, கட்டிலில் துணி மாதிரிக் கிடந்த பிள்ளை. அப்புறம்தான் எழுந்தாள்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். தார் ரோடு காலைப் பொசுக்கியது. தெருக்கோடியில் ஐஸ்கிரீம் கடையின் நிழலில் அவர்களைப் பார்த்துவிட்டாள்.

“அதைக் குடுக்காத! அந்தக் கோழியைக் குடுக்காதடி! அது கெட்டது!”

தங்கை திரும்பினாள். “நேரா ஒட்டினதத்தானே எடுத்தேன்” என்றாள் குழப்பமாக.

“நேரா ஒட்டினதுதான் கெட்டது. இந்த வாரம் மட்டும் மாத்தி ஒட்டினேன்.”

“ஏன்?”

பதில் தங்கைக்குத் தேவைப்படவில்லை. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதை லேபிள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எனக்காகவா?” என்றாள் தங்கை. பிறகு மகளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். “இவளுக்கும் சேத்தா?”

“இவ கோழி திங்க மாட்டாளேன்னு...”

“அதைக்கூட யோசிச்சு வெச்சுத்தான் செஞ்சிருக்கே” என்றாள் தங்கை. போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள். அவன் சாப்பிட்டு முடித்திருந்தான். பிரமாதமாக இருந்தது என்று அவன் சொன்னது பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

எல்லோரும் என்றால், ஐஸ்கிரீம் கடையில் நின்ற ஏழெட்டுப் பேர். அதில் மாடி வீட்டுத் தையல்காரியும் ஒருத்தி. அவள் முன்னால் வந்தாள். சத்தம் போடவில்லை.

“நேரா ஒட்டினா நல்லது, கோணலா ஒட்டினா கெட்டது. அப்படித்தானே? எத்தனை வருஷமா?”

லேபிள் சுடுகிற தாரில் காலை மாற்றி மாற்றி வைத்தாள்.

“போன வருஷம் என் பையன் ஒரு வாரம் வாந்தி எடுத்தானே. நீதான் கஞ்சி வெச்சுக் குடுத்தே. தலைமாட்டுலயே உக்காந்திருந்தே. அப்பவும் வாயத் திறக்கல, இல்ல?”

தங்கையின் புருஷன் அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் படுத்தான். மூன்று நாள் டிரிப் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான், ஆனால் இன்றைக்கும் கோழி என்றால் எழுந்து போய்விடுவான். லேபிள் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனாள். தங்கை வராந்தாவில் நின்றுகொண்டு, உள்ளே விடவேண்டாம் என்று காவலாளியிடம் கையைக் காட்டிச் சொன்னாள். யார் அது என்று அவன் கேட்டதற்கு, தெரியாது என்றாள்.

திங்கட்கிழமை ஒரு கூட்டமே கடைக்கு வந்து கத்தியது. மேனேஜரின் நடிப்பை அன்று பார்த்திருக்கவேண்டும். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “என் கடையிலயா? இப்படிப்பட்ட ஆளையா இத்தனை வருஷம் நம்பினேன்?” என்றார். லேபிளைப் போலீசில் கொடுக்கப்போவதாகச் சொன்னார். கூட்டம் கலைந்த பிறகு அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவளை வெளியே அனுப்பினால் அவள் வாயும் கூடவே வெளியே போகும் என்பது அவருக்குத் தெரியும். வேலையை விட்டால் ஐம்பது வயதில் வேறு கதி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது.

இப்போது அவள் புகார் மேஜையில் உட்காருகிறாள். வாசலுக்குப் பக்கத்தில், கடைக்குள் நுழைகிற யாரும் பார்க்காமல் போகமுடியாத இடத்தில். ஜனங்கள் வேறு வழியில்லாமல் மறுபடியும் வர ஆரம்பித்துவிட்டார்கள். அழுகிய தக்காளியையும் உளுத்த மாவையும் கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள். “மன்னிச்சிடுங்க, மாத்தித் தர்றோம்” என்று அவள் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் சொல்கிறாள். சிலர் மாற்றிக்கொள்ளக்கூட வருவதில்லை, அவளைத் திட்டுவதற்கென்றே வருகிறார்கள். தையல்காரி வாரத்துக்கு ஒரு தடவை வருவாள், மேஜைக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போவாள். பின்னால் தகர மேஜைக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். அவள் எல்லா லேபிளையும் ஒரே மாதிரி, ஒழுங்காக, நேராக ஒட்டுகிறாள்.

தங்கை இரண்டு பஸ் மாறித்தான் சாமான் வாங்கினாள். ஆறு மாதம் அவளைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது, பஸ் ஓடவில்லை போலிருக்கிறது. நனைந்த குடையோடு தங்கை உள்ளே வந்தாள், கூடவே மகள். குழந்தை வளர்ந்திருந்தது, முன்பல் முளைத்திருந்தது. தங்கை புகார் மேஜையைப் பார்க்காமல் நேரே உள்ளே போனாள். பில் போடுகிற வரிசையில் அவள் நின்றபோது குழந்தை மெல்ல நழுவி மேஜைக்கு வந்தது. கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

“பெரியம்மா, இது நல்லதா?”

லேபிள் பாக்கெட்டை வாங்கினாள். காலையில்தான் வண்டியில் வந்து இறங்கிய பெட்டி அது, அவள் கண் முன்னால்தான் பிரித்தார்கள். கம்பெனித் தேதி அப்படியே இருந்தது. இருந்தாலும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், விரலால் தேய்த்தும் பார்த்தாள்.

“நல்லதுதான் கண்ணு. ரொம்ப நல்லது. தைரியமா சாப்பிடு.”

குழந்தை அந்தப் பாக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கொஞ்சம் யோசித்தது. பிறகு அதை மேஜையின் மேலேயே வைத்தது.

“நீ நல்லதுன்னு சொன்னா வாங்கக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு” என்று சொல்லிவிட்டு, அம்மா நின்ற வரிசைக்கு ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டது.